மலட்டு மாடு என்று முத்திரை குத்துமுன்

சென்னைத் தெருக்களில் திரியும் மாடுகளைப் பற்றிய பேச்சு அபராதத்தில் தொடங்கி அபராதத்திலேயே முடிந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியில் பள்ளிவிட்டு வீடு திரும்பிய சிறுமியை மாடு ஒன்று முட்டித் தூக்கி எறிந்த காட்சியைப் பார்த்து நகரமே பதறியது. அதன் பிறகு அபராதம் படிப்படியாக ஏறியது. 2024இல் முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய், மறுமுறை 15,000 ரூபாய் என்று மாநகராட்சி மன்றம் தீர்மானித்தது. அந்தக் குழந்தைக்கு நேர்ந்தது இன்னொரு குழந்தைக்கு நேரக் கூடாது. இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. ஆனால், அத்தனை பெரிய அபராதத்துக்குப் பிறகும் மயிலாப்பூரிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூரிலும் மாடு ஏன் தெருவுக்கு வந்துகொண்டே இருக்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இடமின்மை ஒரு காரணம், மேய்ச்சல் நிலம் அற்றுப்போனது இன்னொரு காரணம். இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது காரணம் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. கைநிறையப் பால் கறக்கும் மாட்டை எந்த உரிமையாளரும் நாள் முழுக்கத் தெருவில் விட விரும்புவதில்லை. கறவை வற்றி, சினையும் பிடிக்காமல், தீனிச் செலவை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும் மாட்டின் கயிறுதான் முதலில் அவிழ்கிறது. வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து வண்டி வைத்து வந்து சேரும் ஊரில், பால் தராத மாட்டுக்கு மூன்று வேளை தீனி போட எத்தனை பேரால் முடியும்?

கணக்கு எளிமையானது. கன்று ஈன்றால்தான் மாடு கறக்கும். ஈன்ற மூன்று மாதங்களுக்குள் மறுபடி சினை பிடித்தால், ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு கன்று, கறவையும் தொடரும். பருவம் வருவது 21 நாள்களுக்கு ஒருமுறை, அதுவும் அரை நாளோ முக்கால் நாளோதான் நீடிக்கும். அந்த நேரத்தில் போட்ட சினை ஊசி நிற்கவில்லையென்றால் இன்னொரு 21 நாள் போயிற்று. மூன்று முறை தவறினால் இரண்டு மாதம். ஆறாம் மாதத்தில் கரு வீசிவிட்டால் அந்த ஆண்டே போயிற்று.

மந்தைவெளியில் தலைமுறை தலைமுறையாக மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அவருடைய கலப்பின ஜெர்சி பசுவைப் பற்றிக் கேட்டேன். “நாலு ஊசி போட்டாச்சு சார், நிக்கல. அதுக்கு முன்னாடி ஒண்ணு நின்னுச்சு, அதுவும் ஆறாம் மாசம் வீசிடுச்சு. இன்னா பண்றது? மலட்டு மாடுன்னு வுட்டுட வேண்டியதுதான்” என்றார். யாராவது ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா என்றேன். “மாட்டுக்கா? ரத்தமா?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அவருடைய வியப்பில் தவறே இல்லை. அவருடைய வாழ்நாளில் அப்படி ஒரு பரிசோதனை அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை.

ஒரு பசு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தும் சினை பிடிக்காமல் போவதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் வைரஸ்தான் காரணம் என்று சொல்வது பொய்யாகிவிடும். தீனியில் தாது உப்புக் குறைவு, சென்னையின் சித்திரை வெயிலில் வெளித்தெரியாமல் கடந்துபோகும் ஊமைப் பருவம், நஞ்சுக்கொடி சரியாக விழாமல் கருப்பையில் தங்கிய சீழ், நேரம் தவறிப் போட்ட ஊசி என்று பட்டியல் நீளும். நகரத்து மாட்டுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: குப்பையில் கிடந்த சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் பை. வயிறு அடைத்துக் கிடக்கும் மாட்டுக்குப் பருவம் ஒழுங்காக வராது. இவற்றையெல்லாம் அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் ஓரளவு கண்டுபிடித்துவிடுவார். தொட்டாலும் தெரியாமல், பார்த்தாலும் தெரியாமல் இருப்பவைதான் வைரஸ்கள். அதனால்தான் அவற்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது, கால்நடை மருத்துவர்கள் ஐ.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும் மூச்சுக்குழல் நோய். இந்தியாவில் 1976இல் உத்தரப் பிரதேசத்துக் கலப்பினக் கன்றுகளில் இது முதன்முதலாகப் பதிவானது. மூக்கு ஒழுகும், கண் சிவந்து நீர் வடியும், காய்ச்சல் அடிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மாடு தேறிவிடும். உரிமையாளர் சளி பிடித்திருந்தது, சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைவார். ஆனால் கிருமி போவதில்லை. இது ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ். சிறுவயதில் சின்னம்மை கண்டவரின் நரம்பில் அந்தக் கிருமி பதுங்கியிருந்து முதுமையில் அக்கியாக வெளிப்படுவதுபோல, ஐ.பி.ஆர். வைரஸும் மாட்டின் நரம்புக் கணுக்களில் ஆயுள் முழுக்க உறங்கும். நெடும்பயணம், பட்டினி, பிரசவம், பயம், சில மருந்து ஊசிகள் என எது மாட்டின் உடலைத் தளர்த்தினாலும் அது விழித்துக்கொள்ளும். அப்போது மூக்குச் சளியிலும் பிறப்புறுப்புக் கசிவிலும் வெளியேறி அடுத்த மாட்டைப் பிடிக்கும். சினை மாட்டைப் பிடித்தால் நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் கரு வீசும். கரு வீசுவது பெரும்பாலும் தொற்று வந்துபோன சில வாரங்களுக்குப் பிறகு என்பதால், அந்தச் சளிக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. சினையில்லாத மாட்டின் கருப்பையையும் சினைப்பையையும் தாக்கினால் ஊசி நிற்காது.

காளையின் விந்திலும் இந்த வைரஸ் இருக்கும். திரவ நைட்ரஜனில், சுழியத்துக்கு 196 டிகிரி கீழே உறைய வைத்தாலும் சாகாது. அதனால்தான் உறைவிந்து நிலையங்களில் காளைகளுக்கு ஐ.பி.ஆர். பரிசோதனையை மத்திய அரசின் தர நெறிமுறைகள் கட்டாயமாக்கியுள்ளன. சென்னைக்கு அருகில் அலமாதியிலும், உதகையிலும், தஞ்சை ஈச்சங்கோட்டையிலும் உறைவிந்து தயாராகிறது. அங்கே அக்கறை இருக்கிறது. தெருவில்தான் இல்லை. ஊசி மூன்று முறை நிற்கவில்லையென்றால் நம் மாட்டுக்காரர்கள் அடுத்துச் செய்வது என்ன? “ஊசியில நிக்கல, காளைக்கு வுட்டுப் பாரு” என்பதுதான் தலைமுறை அறிவுரை. அந்தக் காளையை யாரும் பரிசோதித்ததில்லை. பல பகுதிகளில் அது யாருக்கும் சொந்தமில்லாமல் கோயிலைச் சுற்றித் திரியும் காளை. சினை பிடிக்காத பசுக்களாகவே அதனிடம் வந்து சேர்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத் தொற்று இருந்தால் அது காளைக்குப் போகும், காளையிலிருந்து வட்டாரத்துப் பசுக்களுக்கெல்லாம் போகும். நோயைத் தீர்க்க நினைத்துச் செய்யும் காரியமே நோயைப் பரப்புகிறது.

இரண்டாவது வைரஸ் இதைவிடத் தந்திரமானது. பி.வி.டி. என்பார்கள். 1946இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஒரு கழிச்சல் நோயாக விவரித்தார்கள். வயிற்றுப்போக்கு அதன் வெளிவேடம் மட்டுமே. சினையின் முதல் நான்கு மாதங்களுக்குள் தாய்க்கு இந்தத் தொற்று ஏற்பட்டால், சில கருக்கள் சிதையும், சில பிழைத்துவிடும். பிழைத்த கன்றின் நோய் எதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருப்பதால், வைரஸையும் தன் உடலின் பகுதி என்றே ஏற்றுக்கொள்ளும். அந்தக் கன்று வாழும் நாளெல்லாம் எச்சிலிலும் சளியிலும் சாணத்திலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பார்க்க நன்றாகக்கூட இருக்கலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருளைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அதன் உடல் எதிர்ப்பே காட்டுவதில்லை. வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனை வேண்டும். வேலூரை அடுத்த பொய்கை சந்தையிலோ வேறெங்கோ அப்படி ஒரு கிடேரியை நல்ல விலைக்கு வாங்கிவந்து கொட்டிலில் கட்டினால், ஏற்கெனவே அங்கிருக்கும் பசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சினை பிடிக்காமல் போகும். வந்த மாட்டின் “ராசி சரியில்லை” என்று சொல்லிக்கொண்டே, அதையே இன்னொருவருக்கு விற்றுவிடுவார்கள்.

ஊசி போட வருபவரின் கையுறையும் ஊசியும் இதில் முக்கியம். ஒரு மாட்டைச் சோதித்த கையுறையோடு அடுத்த மாட்டைத் தொட்டாலே பி.வி.டி. பரவக்கூடும். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி, ஒரு கையுறை. இந்தச் சின்ன விஷயத்தை உரிமையாளர்கள் நின்று கவனித்துக் கேட்க வேண்டும். கேட்பது அவர்களுடைய உரிமை.

இந்த இரண்டு வைரஸ்களும் மனிதர்களைத் தொற்றுவதில்லை. பாலைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் கரு வீசுவதற்கு இன்னொரு பெரிய காரணமான புருசெல்லா என்ற பாக்டீரியா மனிதருக்கும் வரும். கண்ணெதிரே கறந்த பால்தான் நல்லது என்று அடையாற்றிலும் தியாகராய நகரிலும் தேடிப்போய் வாங்குபவர்கள் அதைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. வீசிய கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்கும் பெண்களும் பிள்ளைகளும் உள்ள வீடுகளில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் வீசியது என்று சோதித்துப் பார்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கோமாரிக்கும் புருசெல்லோசிஸுக்கும் எதிராக 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்துக்கு ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு இருமுறை கோமாரித் தடுப்பூசி, நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு புருசெல்லா தடுப்பூசி. 2013இல் காவிரிப் படுகையில் கோமாரி ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கோமாரியில் பிழைத்த மாடுகள் பிறகு வெயில் தாங்காமல் இரைத்துக்கொண்டு, பருவத்துக்கே வராமல் நின்றதை அந்தப் பகுதி விவசாயிகள் இன்றும் சொல்வார்கள். 2019இல் ஒடிசாவில் நுழைந்து 2022இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகளை வாரிக்கொண்டு போன தோல் கழலை நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நோய்கள். வாயில் புண், குளம்பில் புண், தோலில் கட்டி. புகைப்படம் எடுக்கலாம், செய்தி ஆகும், நிதி வரும். ஐ.பி.ஆரும் பி.வி.டி.யும் ஓசையில்லாமல் கருவை அழிப்பவை. அந்தத் தேசியத் திட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை.

சென்னை மாட்டுக்கோ இன்னொரு கேடு உண்டு: அது யார் பொறுப்பிலும் இல்லை. நந்தனத்தில் கால்நடைத் துறையின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அதே நந்தனத்தில் ஆவின் இல்லம் இருக்கிறது. கால்நடைத் துறையின் திட்டங்கள் கிராமத்தை நோக்கியவை. ஆவின் தன் சங்க உறுப்பினர்களின் மாடுகளுக்குச் சேவை தருகிறது. வீட்டு வாசலில் பால் ஊற்றும் மயிலாப்பூர்க்காரர் எந்தச் சங்கத்திலும் இல்லை. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு மாடு என்றால் போக்குவரத்து இடையூறு. ஊருக்குள் விலங்கு வளர்க்க உரிமம் வேண்டும் என்று சொல்லும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டுவதோடு அதன் கடமை முடிகிறது. ஆனால் அதே மாட்டைக் கன்றோடு கூட்டிவந்து புதுமனைப் புகுவிழாவில் அடுக்குமாடி வாசலில் நிறுத்திக் குங்குமம் வைக்கிறோம். கபாலீசுவரர் கோயில் பக்கம் அகத்திக்கீரை வாங்கி ஊட்டுகிறோம். வேண்டுதலாகக் கோயிலுக்குப் பசு கொடுக்கிறோம். அந்தப் பசு எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன தொற்று இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கோசாலைக்குள் நேராக ஓட்டிவிடுகிறோம்.

இப்போது நான் உண்மையாகவே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பிடிபடும் மாடுகள் புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் உள்ள மாநகராட்சித் தொழுவங்களுக்குப் போகின்றன. கயிறு கட்டி, வண்டியில் ஏற்றி, தெரியாத மாடுகளுக்கு நடுவே, உரிமையாளர் அபராதம் கட்டும்வரை நிற்கின்றன. உறங்கும் ஐ.பி.ஆர். வைரஸை எழுப்ப இதைவிடத் தோதான சூழலை வேண்டுமென்றே உருவாக்கினாலும் கிடைக்காது. எழும்பூர்ப் பக்கத்து மாட்டின் தொற்று இந்த வழியில் அடையாற்று மாட்டுக்கு வந்து சேரலாம். இதோடு மண்டலந்தோறும் பொது மாட்டுக் கொட்டகை கட்டும் பணியையும் மாநகராட்சி எடுத்திருக்கிறது. வீட்டில் இடமில்லாத உரிமையாளர்கள் தங்கள் மாடுகளை அங்கே கட்டிக்கொள்ளலாம். நல்ல திட்டம், நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் பல வீட்டு மாடுகளை, எதற்கு என்ன தொற்று என்று தெரியாமல், ஒரே கூரையின் கீழ், ஒரே தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கக் கட்டினால் என்ன ஆகும்? அதுவரை நன்றாகச் சினை பிடித்துக்கொண்டிருந்த மாடுகளும் பிடிக்காமல் போகும். கறவை வற்றும். கயிறு அவிழும். தெருவைக் காலி செய்யக் கட்டிய கொட்டகையே தெருவுக்கு மாடு அனுப்பும்.

தடுக்க முடியாத காரியமல்ல இது. ஸ்வீடன் 1993இல் தடுப்பூசியே இல்லாமல், பால் மாதிரியைச் சோதித்து, தொற்றைப் பரப்பும் மாடுகளைத் தேடிப் பிரித்து பி.வி.டி.யை ஒழிக்கத் தொடங்கியது, ஒழித்தும் காட்டியது. சுவிட்சர்லாந்து 2008இல் நாட்டிலுள்ள எல்லா மாடுகளின் காது மடலிலிருந்தும் துளி சதை எடுத்துப் பார்த்தது. ஜெர்மனி 2017இல் ஐ.பி.ஆர். இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. தொற்று உள்ள மாட்டையும் தடுப்பூசி போட்ட மாட்டையும் பிரித்தறிய உதவும் தடுப்பூசி வகை அங்கே பயன்பட்டது. அவர்கள் தொற்றுள்ள மாடுகளைக் கழித்துக் கட்டினார்கள். நம்மால் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பிரித்துக் கட்டுவதும், காளைக்கு விடாமல் இருப்பதும், மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடுவதும் நம்மால் முடிந்தவை. நமக்கே ஒரு பெருமைமிகு முன்னுதாரணம் இருக்கிறது. வெக்கை நோய் என்று நம் முன்னோர் அஞ்சிய மாட்டுக் கொள்ளைநோயை இந்தியா வேரோடு அகற்றி, 2006இல் அந்தத் தொற்று இல்லாத நாடாக ஏற்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே அது ஒழிந்தது. பெரியம்மைக்குப் பிறகு மனித குலம் ஒழித்த இரண்டாவது நோய் அது. 1932இல் அமைந்த ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்த மண்ணில்தான் இருக்கிறது.

1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1989இல் உருவான கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் நிவேதி நிறுவனம் ஐ.பி.ஆருக்கான எலிசா பரிசோதனையை உள்நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. மயிலாப்பூரில் எடுத்த ரத்தம் வேப்பேரிக்குப் போக நெரிசலிலும் ஒரு மணி நேரம் ஆகாது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, நாலு ஊசி நிற்காத மாட்டைச் சோதித்துப் பார்க்காமலே மலடு என்று தெருவில் விடுகிறோமே, இதை எப்படிப் பொறுப்பது? மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிசெய்த ருக்மிணி தேவி அருண்டேல் வாழ்ந்த ஊர் அடையாறும் திருவான்மியூரும். அடியும் பட்டினியும் மட்டுமல்ல வதை. காரணம் அறியக்கூடிய நோயை அறியாமலே விட்டு, அதற்காக ஒரு உயிரைக் கைவிடுவதும் வதைதான்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவதற்குப் புதிய பணம்கூடத் தேவையில்லை. மாடுகளுக்குக் காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த வில்லை போடப்படுகிறது. தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணின் கீழ் பதிவாகின்றன. ஒரே எண்ணில் மூன்று சினை ஊசி ஏறியும் சினை உறுதியாகவில்லை என்றால், அந்தப் பதிவே மருத்துவரை எழுப்ப வேண்டும்: போய் ரத்தம் எடு. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடை ஊர்தி மருத்துவச் சேவை அந்த மாதிரியைச் சேகரிக்கலாம். கரு வீசிய மாட்டுக்குக் கட்டாயம் சேகரிக்க வேண்டும். இதற்கு உரிமையாளரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. கட்டணம் வைத்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். சோதனையில் தொற்று தெரிந்தால் அபராதமோ பறிமுதலோ வரும் என்ற பயம் எழுந்துவிட்டாலும் கூப்பிட மாட்டார்கள். ஆகவே முடிவு எதுவானாலும் அது மருத்துவருக்கும் உரிமையாளருக்கும் இடையில் இருக்க வேண்டும். உரிமம் பார்க்கும் அதிகாரியிடம் போகக் கூடாது.

அடுத்தது கொட்டகைகள். உள்ளே சேர்க்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஐ.பி.ஆர்., பி.வி.டி., புருசெல்லா மூன்றுக்கும் சோதனை செய்ய வேண்டும். முடிவு வரும்வரை தனிக் கொட்டிலும் தனித் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களிலும் சினை மாட்டை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டக் கூடாது. இவை கட்டட வரைபடத்திலேயே இடம்பெற வேண்டியவை. சுவர் எழுந்த பிறகு தனிக் கொட்டிலுக்கு இடம் தேட முடியாது. தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களின் மாமன்ற உறுப்பினர்கள் தங்கள் பகுதிக் கொட்டகையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதில் தனிக் கொட்டில் எங்கே இருக்கிறது, அதைப் பார்க்கப்போகும் மருத்துவர் யார், மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போகும் என்று மன்றத்திலேயே கேட்க வேண்டும்.